வெளியூரிலிருந்து வந்த நிழற்கடிகாரம்: சாய்ப்பதா, திருத்துவதா, புதிதாகச் செய்வதா?

தோட்டங்கள் கைமாறும்போது துரை பங்களாக்களிலிருந்து விநோதமான பொருள்களெல்லாம் வெளியே வருகின்றன. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அப்படி வந்து சேர்ந்தது ஒரு பித்தளை நிழற்கடிகாரம். 30 செ.மீ. அகலமுள்ள வட்டத் தகடு. ஓரத்தில் ரோமன் எண்கள். நடுவில் செங்குத்தாக நிற்கும் முக்கோணத் தகடு. அந்த முக்கோணத்தின் சாய்ந்த விளிம்புதான் நிழல் விழுத்தும் முள். புளி போட்டுத் துலக்கியதும் பளபளவென்று ஆகிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடியது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் தூண் கட்டி மேலே வைத்துவிடலாம் என்று ஏகமனதாக முடிவெடுத்தது. செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது.

நில அளவை வேலையில் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். தூணைக் கட்டுங்கள், ஆனால் இதை அப்படியே மேலே வைக்காதீர்கள் என்றேன். பிறகு என்னதான் செய்வது என்ற கேள்விக்கு ஒன்றல்ல, அரை டஜன் பதில் இருக்கிறது. சில பார்வைக்கு எளிது, பலன் பூஜ்யம். ஒன்றிரண்டு கணக்கில் சரி, நம் ஊர் வெயிலுக்குச் சரிவராது. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிழற்கடிகாரம் ஊரைச் சார்ந்த கருவி. அதன் முள் பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது வடக்கு நோக்கி, அந்த ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயர்ந்து நிற்க வேண்டும். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் சுமார் 27 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் சாம்ராட் யந்திரத்தின் சாய்சுவர் 27 பாகையில் ஏறுவது அந்த ஊரின் அட்சரேகை 27 என்பதால்தான். சுங்கை சிப்புட்டின் அட்சரேகை வடக்கே 4.8 பாகை. லண்டனுக்கு 51.5. நம் கையில் இருக்கும் தகட்டின் முள்ளைப் பிள்ளைகளின் கணிதப் பெட்டியிலிருக்கும் கோணமானியால் அளந்தாலே அது எந்த ஊருக்குச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும். இது 51 பாகையைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

அதோடு நிறுத்திவிடக்கூடாது. 12 மணிக் கோட்டுக்கும் 3 மணிக் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தையும் அளக்க வேண்டும். லண்டனுக்காக ஒழுங்காக வரைந்த தகடென்றால் அது 38 பாகை இருக்கும். 45 பாகை அட்சரேகைக்கு வரைந்ததில் 35, நாற்பதுக்கு வரைந்ததில் 33 வரும். முள் ஒரு ஊரையும் கோடு வேறொரு ஊரையும் சொன்னால் அது தோட்ட அலங்காரத்துக்கு வார்த்த பொம்மை. அதை எந்த வித்தையாலும் மணி காட்ட வைக்க முடியாது. கடையில் புதிதாக விற்பவற்றில் இந்த ரகம் நிறைய. பள்ளிக்கு வந்த தகடு இந்தச் சோதனையில் தேறியது. ஆகவே பேச்சுக்கு இடமுண்டு.

முதலில், சங்கம் தீர்மானித்தபடி தூணின் மேல் தட்டையாக வைத்தால் என்ன ஆகும்? கடிகாரம் ஒரே அளவாகத் தப்பினால் அதைக் கழித்துக்கொண்டு போகலாம். இது அப்படித் தப்பாது. சூரியன் காட்டும் உண்மையான நேரம் காலை 9.00 என்று வைத்துக்கொள்வோம். லண்டன் தகடு சுங்கை சிப்புட்டில் தட்டையாக இருந்தால் டிசம்பர் கடைசியில் ஏறக்குறைய 9.14 காட்டும். மார்ச்சில் 8.18. ஜூன் கடைசியில் 6.54! ஒரே காலைப்பொழுதுக்கு ஆண்டுக்குள் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஊசலாட்டம். உச்சிப்பொழுதில் மட்டும் எப்போதும் சரியாக 12 காட்டும். அதைப் பார்த்துவிட்டு "சரியாகத்தானே இருக்கிறது" என்று யாராவது சொல்லவும் செய்வார்கள்.

இப்படி ஏமாந்தவர்களில் நாம் முதல் ஆள் இல்லை. கி.மு. 263இல் ரோமானியர்கள் சிசிலித் தீவின் கட்டானியாவிலிருந்து ஒரு நிழற்கடிகாரத்தைப் போரில் கைப்பற்றிக் கொண்டுவந்து நகரின் பொதுமன்றத்தில் நட்டார்கள். ஊருக்கும் ஊருக்கும் வித்தியாசம் நாலரைப் பாகைதான். கோடு ஒத்துப்போகாத அந்தக் கடிகாரத்தை 99 ஆண்டுகள் பின்பற்றினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார், கி.மு. 164இல்தான் ரோமுக்கென்று வரைந்த ஒன்று அதன் பக்கத்தில் வந்தது. நமக்கோ வித்தியாசம் 46.7 பாகை.

அடுத்த யோசனை வெல்டிங் பட்டறைக்காரரிடமிருந்து வந்தது. "ஐயா, இதற்கு எதற்கு இவ்வளவு மண்டை உடைப்பு? முள்ளைக் கழற்றிவிட்டு, நீங்கள் சொல்லும் 4.8 பாகையில் புது முள் வைத்து ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான், இருப்பதிலேயே மோசமானதும் இதுதான். முள் மாறினாலும் கோடுகள் லண்டன் கோடுகளாகவே இருக்கின்றன. பிற்பகல் 3 மணிக்கு, 4.8 பாகை முள்ளின் நிழல் 12 மணிக் கோட்டை விட்டு 4.8 பாகைதான் நகர்ந்திருக்கும். லண்டன் தகட்டில் அந்த இடத்தில் எழுதியிருப்பது 12.25. மாலை 5 மணிக்கு அது 1.27 காட்டும். மீதி நாலரை மணி நேரத்தையும் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் ஓடித் தீர்த்துவிடும். இந்தத் தப்பு மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறாது என்பது ஓர் ஆறுதல். ஆனால் பழைய வேலைப்பாட்டைக் கெடுத்துவிட்டு அந்த ஆறுதலை வாங்க வேண்டியதில்லை.

முள்ளையும் கோட்டையும் தொடாமல் தகடு முழுவதையும் சாய்ப்பது நியாயமான வழி. லண்டனில் அந்தத் தகடு எந்தத் தளத்தில் கிடந்ததோ, அதற்கு இணையாக இங்கே வைத்துவிட்டால் போதும். முள் தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். 51.5லிருந்து 4.8ஐக் கழித்தால் 46.7. அந்த அளவுக்குத் தெற்கு விளிம்பைத் தூக்கி வடக்கு விளிம்பைத் தாழ்த்த வேண்டும். 30 செ.மீ. தகட்டுக்குத் தெற்குப் பக்கம் ஏறக்குறைய 22 செ.மீ. உயரமுள்ள ஓர் ஆப்பு. 12 மணி எண் கீழ் விளிம்பில் வரும், முள் ஏறக்குறைய படுத்த நிலையில் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க விசித்திரமாக இருக்கும். மணியோ கச்சிதமாக இருக்கும். செலவு என்று பார்த்தால் ஒரு துண்டுக் கட்டை, இரண்டு ஆணி. ஆப்பைக் கழற்றினால் பழைய பொருள் பழையபடி இருக்கும். இது எனக்கு மிகவும் பிடித்த குணம்.

ஆனால் அந்தத் தகடு தன்னோடு லண்டன் வானத்தையும் கொண்டுவந்துவிடுகிறது. லண்டன் தரைக்கு இணையாக இருக்கும் தகட்டின் முகத்தில், லண்டன் தரையில் எத்தனை மணி நேரம் வெயில் விழுமோ அதற்கு மேல் விழாது. டிசம்பர் 21 வாக்கில் சுங்கை சிப்புட்டில் காலை ஏழே காலுக்குச் சூரியன் உதித்துவிடும். சாய்த்து வைத்த தகட்டிலோ காலை ஒன்பதரை வரை வெயிலே படாது. மாலை 5 மணிக்கே அது இருட்டிவிடும். சுற்றிலும் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், தகட்டில் மட்டும் ஆங்கிலேயக் குளிர்காலம் நடக்கும். நண்பகலில்கூட வெயில் 15 பாகைச் சாய்வில்தான் தகட்டை உரசும். ஜூனில் இந்தத் தொல்லை இல்லை, நாள் முழுக்க வேலை செய்யும். ஆக, பழைய பொருளைப் பாதுகாக்க ஆப்பு நல்ல வழி. தினமும் மணி பார்க்க அரைகுறை வழி. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை கிடைக்கும்வரை, சுற்றுவேலி சரியில்லாத பள்ளி வளாகத்தில் அதைத் திறந்தவெளியில் விட்டுவைக்க என் மனம் ஒப்பாது.

தட்டைத் தகடுதான் வேண்டும், ஆனால் நம் ஊருக்கென்று புதிதாகக் கோடு வரைந்துகொள்வோம் என்றால்? கணக்குச் சுலபம். உச்சியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் சூரியன் 15 பாகை நகர்கிறது. அந்தக் கோணத்தின் டேஞ்சண்டை அட்சரேகையின் சைனால் பெருக்கினால் தகட்டில் வரைய வேண்டிய கோணத்தின் டேஞ்சண்ட் கிடைக்கும். 4.8 பாகையின் சைன் வெறும் 0.084. அங்கேதான் சிக்கல். 1 மணிக் கோடு 12 மணிக் கோட்டிலிருந்து 1.3 பாகை தள்ளி வருகிறது. 2 மணி 2.8, 3 மணி 4.8, 4 மணி 8.3; 5 மணி 17.4, 6 மணி ஒரே தாவலில் 90. நம் தகட்டின் விளிம்பில்கூட 12க்கும் 1க்கும் இடைவெளி மூன்றரை மில்லிமீட்டர்தான். முள்ளின் கனமே அதை விழுங்கிவிடும். தகடு என்ன விலை பெற்றாலும், கோட்டை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும், நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இந்த வடிவம் எடுபடாது. ஐரோப்பாவில் பிறந்த தோட்டக் கடிகாரத்தின் வடிவம் ஐரோப்பாவின் சாய்ந்த வெயிலுக்கு ஏற்றது. அதை இங்கே சரிசெய்யச் சரிசெய்ய அது வேறொரு வடிவமாக மாறிக்கொண்டே போகும். எங்கே போய் முடியும் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

தலைமையாசிரியைக்கு வேறொரு ஆசை இருந்தது. திடலில் நீள்வட்டமாக எண்களை எழுதி, நடுவில் மாதக் கோட்டின் மேல் மாணவரே நின்று, தன் நிழல் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்க்கும் கடிகாரம். சாயமும் தூரிகையும் இருந்தால் போதும், திருடு போக ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். வெளிநாட்டுப் பள்ளிகளில் இது பிரபலம். "ஐயா, இதற்கும் தடை சொல்லிவிடாதீர்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். சொல்லத்தான் வேண்டியிருந்தது.

கிழக்கு மேற்காக 4 மீட்டர் நீளமுள்ள நீள்வட்டம் என்றால், லண்டனில் அதன் வடக்கு தெற்கு அகலம் 3 மீட்டருக்கு மேல் இருக்கும். நம் ஊரில் 34 செ.மீ.! எண்களெல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாணவர் நிற்க வேண்டிய மாதக் கோடோ நடுவிலிருந்து வடக்கே 86 செ.மீ., தெற்கே 86 செ.மீ. என்று நீள்வட்டத்துக்கு வெளியே நீண்டுவிடும். ஜூனிலும் டிசம்பரிலும் இது வேலை செய்யும், சந்தேகமில்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் செய்யாது. அந்த மாதங்களில் நம் ஊர்ச் சூரியன் நேர் கிழக்கில் எழுந்து, தலைக்கு மேலே ஏறி, நேர் மேற்கில் இறங்குகிறது. உச்சிப்பொழுதை ஒட்டிய சிறிது நேரம் தவிர அதன் திசை மாறுவதே இல்லை. நிற்கும் ஆளின் நிழல் காலையெல்லாம் மேற்கே, மாலையெல்லாம் கிழக்கே. உண்மைச் சூரிய நேரம் 3 மணி நிழலுக்கும் 5 மணி நிழலுக்கும் திசையில் மூன்றரைப் பாகை வித்தியாசம்தான். அதில் மணி பார்க்க முடியாது. செங்குத்தாக நிற்கும் எதன் நிழலைக் கொண்டும் இந்த ஊரில் ஆண்டு முழுக்க மணி சொல்ல முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

சுவர்க் கடிகாரங்களைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தெற்குச் சுவரில் அரை ஆண்டு வெயில், வடக்குச் சுவரில் மீதி அரை ஆண்டு. கிழக்குச் சுவர் காலைக்கு, மேற்குச் சுவர் மாலைக்கு. நாலு சுவரும் இருந்தால் நாலு கடிகாரம் செய்யலாம்.

மிஞ்சி நிற்பவை இரண்டு: அரைவளையமும் சாய்மேசையும். உண்மையான போட்டி இவற்றுக்கு இடையில்தான்.

அரைவளையம் என்பது தட்டைக் கம்பியை அரைவட்டமாக வளைத்து, திறந்த பக்கம் மேலே இருக்கும்படி கிழக்கு மேற்காக வைப்பது. அதன் மையத்தின் வழியாக ஒரு கம்பி வடக்கு தெற்காக, வடக்கு முனை 4.8 பாகை உயர்ந்து ஓடும். கம்பியின் நிழல் வளையத்தின் உட்புறத்தில் விழும். கோடுகள் எல்லாம் சமதூரம், 30 செ.மீ. ஆரமென்றால் ஒரு மணிக்கு 7.85 செ.மீ., ஒரு நிமிடத்துக்கு 1.3 மி.மீ. காலை ஆறோ நண்பகலோ மாலை ஆறோ, துல்லியம் ஒன்றுபோலவே இருக்கும். வட்டத் தகட்டை நிலநடுக்கோட்டின் தளத்துக்கு இணையாக நிறுத்தும் கடிகாரத்தில் மார்ச், செப்டம்பரில் வெயில் விளிம்போடு ஒட்டிப்போய்விடும். அரைவளையத்தில் அந்தக் குறையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் மாறினால் கம்பியையும் வளையத்தையும் சேர்த்துச் சாய்வை மாற்றினால் போதும், கோடுகளைத் தொட வேண்டாம். இடம் மாற்றிச் சரிசெய்வதற்கென்றே பிறந்த வடிவம் இது.

குறை எங்கே? வளைப்பதில். பட்டறையில் உருளையில் கொடுத்து வளைத்தால் வட்டம் வரும், ஆனால் கம்பி அந்த வட்டத்தின் மையத்திலேயே இருக்க வேண்டும். கிழக்கு மேற்காக 5 மி.மீ. விலகினாலும் கிட்டத்தட்ட 4 நிமிடம் போய்விடும். அதோடு, இடுப்பளவு உயரத்தில் தொட்டில் மாதிரி ஒரு வளையத்தை வைத்துவிட்டு அதில் ஏறி உட்காராதே என்று இரண்டாம் ஆண்டு மாணவனிடம் சொல்லிப் பாருங்கள்.

சாய்மேசை இதைவிட எளிது. பூமியின் அச்சுக்கு இணையாக ஒரு தட்டைப் பலகை, அதற்கு மேலே அதே சாய்வில் ஒரு கம்பி. துருவ நிழற்கடிகாரம் என்று வானநூலில் சொல்வது இதைத்தான். லண்டனில் இந்தப் பலகையை 51.5 பாகைக்கு நிமிர்த்த வேண்டும். நமக்கு 4.8 பாகைச் சரிவு போதும்: வடக்கு தெற்காக 40 செ.மீ. அளவுள்ள மேசையில் வடக்கு விளிம்பு தெற்கைவிட 3.4 செ.மீ. உயரம். பெய்யும் மழை தானாகத் தெற்கே வடிந்துவிடும், அதுவும் நல்லதுதான். தட்டைத் தகட்டை நம் ஊருக்காகத் திருத்தத் திருத்த அது வேறு வடிவமாகும் என்றேன் அல்லவா? 4.8 பாகை முள்ளைத் தகட்டிலிருந்து தூக்கி, கோடுகள் கூடும் புள்ளியை வெகுதூரம் தெற்கே தள்ளிவிட்டால் கோடுகள் ஏறக்குறைய இணையாகிவிடும். அதாவது திருத்தல் வந்து முடிகிற இடமே இந்த மேசைதான்.

கோடுகள் எல்லாம் வடக்கு தெற்காக இணைகோடுகள். நடுக்கோட்டிலிருந்து அவற்றின் தூரம், கம்பியின் உயரத்தைச் சூரியன் நகர்ந்த கோணத்தின் டேஞ்சண்டால் பெருக்கினால் வரும். இங்கேயே கடிகார நேரத்துக்கும் சேர்த்து வரைந்துவிடலாம். அதற்கு முன் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மலேசியக் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 120க்கு ஓடுகிறது. சுங்கை சிப்புட் இருப்பது 101.07இல். வித்தியாசம் 18.93 பாகை, பாகைக்கு 4 நிமிடமென்றால் ஏறக்குறைய 76 நிமிடம். சராசரியாகப் பார்த்தால் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கைக்கடிகாரத்தில் பிற்பகல் 1.16. இந்த 76 எப்போதும் இருந்ததல்ல. 1905இல் மலாயாவுக்குக் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முந்திய நேரம் வந்தபோது வித்தியாசம் 16 நிமிடமே. 1933இல் 20 நிமிடமும் 1941இல் இன்னொரு 10 நிமிடமும் கூட்டினார்கள். ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம். போருக்குப் பிறகு மறுபடியும் ஏழரை. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குக் கடிகாரத்தை நள்ளிரவுக்குத் தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர்கள் மறுநாள் இருட்டு கூடிப்போனதைச் சொல்லக் கேட்டிருக்கலாம். ஆகவே பழைய நிழற்கடிகாரத்தோடு யாராவது கைப்பட எழுதிய திருத்தப் பட்டியலும் கிடைத்தால், அது எந்த ஆண்டுக்குரியது என்று பாருங்கள். 1982க்கு முந்தியதென்றால் ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாம், கணக்குக்கு உதவாது.

இந்த 76ஐ எங்கே கூட்டுவது என்பதில்தான் வடிவங்களின் சாமர்த்தியம் தெரிகிறது. ஆப்பு வைத்த பித்தளைத் தகட்டில் எண்களை மாற்ற முடியாது; "1 மணி 16 நிமிடம் கூட்டுக" என்று பக்கத்தில் பலகை வைக்க வேண்டும். அரைவளையத்தில் எண் பட்டையை நகர்த்தி ஒட்டினால் போதும். சாய்மேசையில் கோடு போடும்போதே சேர்த்துவிடலாம். கம்பி மேசைக்கு 10 செ.மீ. மேலே இருந்தால், கம்பிக்கு நேர் கீழே உள்ள கோட்டிலிருந்து மேற்கே: பிற்பகல் 1 மணிக்கு 0.7 செ.மீ., 12க்கு 3.4, 11க்கு 6.7, 10க்கு 11.5, 9க்கு 20.4, 8க்கு 51.1. கிழக்கே: 2 மணிக்கு 2.0, 3க்கு 4.9, 4க்கு 8.7, 5க்கு 14.9, 6க்கு 29.2, ஆறரைக்கு 49.5. காலை 8 முதல் மாலை ஆறரை வரை ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய பலகையில் அடங்கிவிடுகிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நிழல் பலகையை விட்டு ஓடிவிடும். கிழக்கே மலைத்தொடர் மறைக்கும் ஊரில் காலை எட்டுக்கு முன் வெயிலே வராத இடங்கள் உண்டு என்பதால் எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தோன்றவில்லை.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நண்பகலை ஒட்டி ஒரு மணி நேரத்துக்கு 2.6 செ.மீ.தான் கிடைக்கிறது, நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அரைவளையத்தின் துல்லியத்துக்கு இது ஈடாகாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு போடலாம், அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது. கம்பியைத் தூக்கினால் இடைவெளி கூடும், பலகையும் கூடவே நீளும். கம்பியின் கனத்திலும் ஒரு வரம்பு உண்டு: சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமான வட்டம். அதனால் ஒரு கம்பியின் கருநிழல் அதன் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 107 மடங்கு தூரம்தான் எட்டும். 6 மி.மீ. கம்பிக்கு 64 செ.மீ.; பலகையின் ஓரம் 52 செ.மீ. தள்ளி இருப்பதால் தப்பித்தோம். 3 மி.மீ. கம்பி போட்டால் காலை எட்டு மணி நிழல் கலங்கிய சாம்பல் பட்டையாகத்தான் தெரியும். கம்பி மேசையின் முழு அகலத்துக்கும் ஓடவும் வேண்டும்; ஜூனிலும் டிசம்பரிலும் ஓரத்து நிழல் 23 செ.மீ. வரை தெற்கேயோ வடக்கேயோ நகர்ந்துபோகும்.

இரண்டில் எதுவென்றால், வீட்டு முற்றத்தில் வைக்க, நல்ல பட்டறையும் பொறுமையும் உள்ளவருக்கு அரைவளையத்தைச் சொல்வேன். பள்ளிக்குச் சாய்மேசை. கோடுகள் தட்டைப் பரப்பில் சாயத்தால் போட்டவை. பிசகினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். கம்பி இரண்டு பக்கமும் தாங்கிகளில் நிற்பதால் கண்ணில் குத்தும் கூர்முனை இல்லை. திருடனுக்கும் அதில் ஆதாயமில்லை, ஒரு சிமெண்டுப் பலகையும் முழ நீள இரும்புக் கம்பியும்தான். பித்தளைத் தகட்டை ஆப்பு வைத்து, தூணில் அல்ல, வெயில் வரும் ஜன்னல் ஓரமாகப் பூட்டிய கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். மேசையோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்கு உதவும். வந்து இறங்கிய செங்கல் மேசைக்கும் ஆகும்.

நிறுவும்போது எதில் கவனம் வைப்பது என்பதும் நம் ஊரில் வேறு. மேல்நாட்டுக் கையேடுகள் வடக்குத் திசையைப் பிடிப்பதையே பெரிதாகச் சொல்லும். இங்கே வடக்கு ஒரு பாகை பிசகினால் அதிகபட்சம் 2 நிமிடம். 4.8 பாகைச் சரிவு ஒரு பாகை பிசகினாலும் அதே அளவுக்குள்தான். ஆனால் மேசை கிழக்கு மேற்காக ஒரு பாகை சாய்ந்திருந்தால், ஒரு மீட்டருக்கு 17 மி.மீ. தாழ்ந்திருந்தால், நாள் முழுக்க, ஆண்டு முழுக்க 4 நிமிடம் தப்பும். ஆகவே கொத்தனாரிடம் ரசமட்டத்தைக் கிழக்கு மேற்காக வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். சிமெண்டு இறுகிய பிறகும் ஒருமுறை.

வடக்கைப் பிடிக்கத் திசைகாட்டியே போதும், தீபகற்ப மலேசியாவில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள விலகல் மிகச் சொற்பம். ஆனால் கொடிக்கம்பமும் சிமெண்டுக்குள் இருக்கும் இரும்பும் அதைக் குழப்பும். நிழலையே நம்புவது மேல். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுப்பவர்கள் இரண்டு கோல் நட்டு, நிழல் எப்பக்கமும் சாராத நடுப்பகலைப் பார்த்துக் கயிறு பிடித்ததாக வருகிறது. வேலை அதேதான், நம்மிடம் கைப்பேசிக் கடிகாரம் கூடுதலாக இருக்கிறது. டிசம்பர் 25இலும் ஜூன் 13 வாக்கிலும் சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் இடையிலான பருவ வித்தியாசம் பூஜ்யம். அன்று பிற்பகல் 1.16க்குத் தூக்குக் குண்டுக் கயிற்றின் நிழலே வடக்கு தெற்குக் கோடு. ஏப்ரல் 2, செப்டம்பர் 10 வாக்கில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் கயிற்றுக்கு நிழலே இருக்காது. பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துவந்து நிழலில்லாக் கம்பத்தைக் காட்ட அந்த நாள்கள் நல்லவை. ஏப்ரலில் பிற்பகல் 1.19, செப்டம்பரில் 1.13.

அந்தப் பருவ வித்தியாசத்துக்கு ஒரு சின்னப் பட்டியல் மேசையின் ஓரத்தில் இருந்தே ஆக வேண்டும். பிப்ரவரி நடுவில் மேசை 14 நிமிடம் பின்தங்கும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். இடையில் மே நடுவில் 4 நிமிடம் முந்தி, ஜூலைக் கடைசியில் ஆறரை நிமிடம் பின்தங்கும். எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

வேறு ஊர்க்காரர்கள் இதே மேசையைச் செய்வதென்றால் இரண்டு எண்களை மாற்றிக்கொண்டால் போதும். சுங்கைப்பட்டாணிக்குச் சரிவு 5.6 பாகை, கடிகார வித்தியாசம் 78 நிமிடம். தெலுக் இந்தானுக்கு 4.0, 76. பகாவுக்கு 2.8, 70. குளுவாங்குக்கு 2.0, 67, அங்கே 40 செ.மீ. மேசைக்கு வடக்கு விளிம்பை 1.4 செ.மீ. தூக்கினால் போதும், ஆனால் கோடுகளின் தூரத்தைப் புதிய நிமிட வித்தியாசத்துக்குத் திரும்பக் கணக்கிட வேண்டும்.